வழக்குரைத்த பின்னர் குளிர்த்தி

மீன்பாடும் தேனாடு எனப் போற்றப்படும் எமது மண்ணில் வைகாசி மாதம் பிறந்துவிட்டால் ஊர்களின் நடையே மாறிவிடும். ஆண்டின் பெரும்பகுதியும் பூட்டிக் கிடக்கும் கண்ணகி அம்மன் ஆலயங்களின் திருக்கதவு திறக்கப்படும் காலம் அது. செட்டிபாளையம், மகிழூர், காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில் எனக் கிழக்குக் கரையோரம் நெடுகிலும் உடுக்கின் ஒலி கேட்கத் தொடங்கும். கல்யாணக்கால் நடுவதும், பெண்கள் நெல்லுக் குற்றுவதும், பொங்கல் பானைகள் வரிசையாக ஏறுவதும், இரவிரவாகக் காவியம் பாடுவதும், இறுதியில் திருக்குளிர்த்தி நடைபெறுவதும் நாம் அனைவரும் பிள்ளைப் பராயம் முதல் கண்டு வருபவை.

ஆனால் கண்டு பழகிய ஒன்றை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. இந்தப் பாட்டை ஏன் பாடுகின்றோம்? பாடுவதனால் என்ன நடக்கின்றது? வெப்பத்தைத் தணிப்பாயாக என்று அன்னையிடம் வேண்டுகின்ற நாம், எமது உள்ளத்தின் வெப்பத்தை என்ன செய்கின்றோம்? இவ்வினாக்கள் பல ஆண்டுகளாக அடியேனின் மனத்தில் இருந்து வருவன. அவற்றை அடியார்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

பருவமும் சடங்கும்

எமது சமய வாழ்வு பருவங்களோடு பின்னிப் பிணைந்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதியும் ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரையான நான்கு மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு எமக்குக் கிடைத்துவிடுகின்றது. அதனை நம்பியே பெரும்போக வேளாண்மை. புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து, மார்கழியின் வாடையில் காவல் காத்து, மாசி, பங்குனியில் வெட்டிச் சூடு வைப்பது முன்னோர் வழக்கம். அதன்பின் உன்னிச்சை போன்ற குளங்களின் நீரைக் கொண்டு சிறுபோகம் செய்பவர்கள் செய்வார்கள். குளத்து நீர் எட்டாத வட்டைகள் அடுத்த மாரி வரை காய்ந்து கிடக்கும்.

வைகாசியில் கச்சான் வீசத் தொடங்கும். தென்மேல் பருவக்காற்று தன்னிடமுள்ள மழையை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையிறங்கி எம்மிடம் வருகின்றது. இறங்க இறங்கச் சூடேறி வருகின்ற அக்காற்றையே நாம் கச்சான் என்கின்றோம். வாவி நீர் வற்றும். கிணறுகள் அடிகாணும். மாடுகள் புல்லின்றி மெலியும். அம்மை, கொப்பளிப்பான் போன்ற நோய்கள் வந்தால் வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள்.

அந்தக் கடும் வெக்கையின் நடுவில்தான் எமது முன்னோர் குளிர்த்தியை வைத்தார்கள். நிலம் கொதிக்கும்போது, உடல் கொதிக்கும்போது, மதுரையை எரித்துக் கொதித்து நின்ற ஒரு பெண்ணை நினைத்து, அவள் மனம் குளிர வேண்டும் என்று ஊரே கூடிப் பாடியது. மண்ணின் சூடு, மேனியின் சூடு, மனத்தின் சூடு ஆகிய மூன்றையும் ஒரே பாட்டுக்குள் கொண்டுவந்த அவர்களின் நுண்ணறிவு வியப்புக்குரியது.

இத்தொடர்பு எமது ஊர்க் கற்பனை மட்டுமன்று. சிலப்பதிகாரத்தின் முன்னே அமைந்த உரைபெறு கட்டுரை, கண்ணகிக்கு அநீதி இழைக்கப்பட்ட நாள் முதல் பாண்டி நாட்டில் மழை பொய்த்து நோய் மலிந்தது என்றும், அவளுக்கு விழா எடுத்த பின்னரே மழை பெய்தது என்றும் கூறுகின்றது. இலங்கை வேந்தன் கயவாகு ஆடித் திங்களில் விழா எடுத்தபோது அந்நாடும் மழைவளம் பெற்றது என்ற செய்தியும் அங்கேயே உள்ளது. சிங்கள மக்களும் அவளைப் பத்தினித் தெய்வமாக வணங்கி, மழைக்காகவும் நோய் நீங்கவும் கம்மடுவ என்னும் சடங்கு செய்கின்றனர். எம்மிடையே கொம்புமுறி என்றும் அவர்களிடையே அங்கெலிய என்றும் வழங்கும் விளையாட்டும் அவளுக்குரியதே. ஆகவே அநீதி, கோபம், வறட்சி, குளிர்ச்சி என்னும் நான்கும் ஒரே கதையின் நான்கு கண்ணிகளாக நெடுங்காலமாகவே இந்நாட்டில் வழங்கி வந்துள்ளன.

பாடினால் மழை வருமா?

இன்றைய பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்கின்றார்கள். பருவக்காற்று எங்கே உருவாகின்றது, தாழமுக்கம் எவ்வாறு நகர்கின்றது என்பவற்றைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கின்றார்கள். மழைக்காவியம் பாடும்போது அவர்கள் கேட்கும் கேள்வி நேரானது. பாடினால் மழை வருமா?

இக்கேள்வியை மழுப்பக்கூடாது என்பது அடியேனின் கருத்து. பாடியும் மழை வராத ஆண்டுகள் உண்டு. பாடாமலே வெள்ளம் வந்த ஆண்டுகளும் உண்டு. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி எமது தென்னைகளையும் வீடுகளையும் ஆலயங்களையும் சேர்த்தே சாய்த்தது. 2011 ஜனவரியில் வந்த பெருவெள்ளம் கதிர் பறியும் தறுவாயில் நின்ற பெரும்போக வயல்களை மூடியது. 2025 நவம்பரின் பிற்பகுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டின் சரிவுகளைப் பெயர்த்தது. இவற்றையெல்லாம் பக்தி குறைந்ததன் தண்டனை என்று பிள்ளைகளுக்குச் சொல்வோமானால், வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அவளுடைய பக்தியைக் குறை சொல்பவர்கள் ஆகிவிடுவோம். அது சமயமன்று.

அடியேன் சிறுவனாக இருந்தபோது எமது ஊரில் காவியம் படிக்கும் பெரியவர் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டதுண்டு. கையெழுத்து வைக்க மட்டுமே தெரிந்தவர். ஆயினும் நூற்றுக்கணக்கான பாடல்கள் அவர் நெஞ்சில் இருந்தன. அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“வந்தா ஊரா நிண்டு கும்பிடுவம் மனே. வராட்டி ஊரா நிண்டு தாங்குவம். பாடாட்டி ஒவ்வொருத்தனும் தன்ட தன்ட வளவுக்க இருந்து அழவேண்டியதுதான்.”

இதைவிடத் தெளிவான விளக்கத்தை அடியேன் எந்த நூலிலும் கண்டதில்லை. அவர் பாட்டை மழைக்குக் கொடுக்கும் விலையாகக் கருதவில்லை. கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்குவது போன்றதன்று வழிபாடு. மழை எமது கையில் இல்லை என்பதை ஊர் முழுவதும் ஒரே குரலில் ஒப்புக்கொள்வதே அப்பாட்டின் முதற் பயன். ஒப்புக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்குவார்கள். யாருடைய கிணற்றில் நீர் உண்டு, யாருடைய வீட்டில் நெல் இல்லை என்பது அந்தக் கூட்டத்தில்தான் தெரியவரும்.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அவ்வதிகாரத்தில், வானம் வறண்டுவிட்டால் தெய்வங்களுக்குரிய விழாவும் பூசையும்கூட நடவாது என்று துணிந்து கூறுகின்றார். வழிபாட்டால் மழை வரும் என்று அவர் அங்கே வாக்களிக்கவில்லை. வழிபாடே மழையை நம்பி நிற்கின்றது என்கின்றார். இந்த உண்மையை ஏற்றுக்கொண்ட பின்னும் கைகூப்பி நிற்பதுதான் நம்பிக்கை. வரும் என்ற உறுதிச்சீட்டு கையில் இருந்தால் அதற்கு நம்பிக்கை என்ற பெயர் வேண்டியதில்லை.

பாமரர் பாட்டு எம்மை ஏன் இழுக்கின்றது?

ஆலயத்தில் பண்ணோடு திருமுறை ஓதப்படும்போது மனம் ஒடுங்குகின்றது. அது ஒரு பேறு. ஆயினும் உடுக்கோடு காவியம் எழும்போது, வீதியில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருப்பவரின் வாயும் தானாக அசைகின்றது. இதற்குக் காரணம் என்ன?

நாட்டார் பாடலுக்குச் சொந்தக்காரர் இல்லை என்பது முதற் காரணம். இன்னார் இயற்றினார் என்ற பெயர் இல்லாததால் அது எல்லோருக்கும் உரியதாகின்றது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதால், குரல் நல்லவரும் குரல் கெட்டவரும் அதில் ஒன்றாகின்றனர். தவறாகப் பாடினால் சபையில் வெட்கம் என்ற அச்சம் அங்கு இல்லை. இரண்டாவது, அது உழைக்கும் உடம்பின் மூச்சிலிருந்து பிறந்தது. ஏர் பூட்டியவன், தோணி வலித்தவன், உலக்கை பிடித்தவள், பிள்ளை தாலாட்டியவள் ஆகியோரின் மூச்சு எவ்வளவு நீளுமோ அவ்வளவே அதன் அடி. ஆகவே எம்முடைய மூச்சும் எளிதில் அதனோடு சேர்ந்துவிடுகின்றது.

பக்தி இலக்கியத்துக்கும் இந்தப் பாட்டுக்கும் இடையே வேலி இருப்பதாகச் சிலர் எண்ணுகின்றனர். மணிவாசகப் பெருமான் திருவாசகத்தில் பாடிய திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருப்பொன்னூசல் என்பனவெல்லாம் பெண்கள் ஆடியும் வேலை செய்தும் பாடிய பாட்டு வடிவங்களே. இளங்கோவடிகளும் கானல்வரி, வேட்டுவவரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக்குரவை என மக்கள் பாட்டையே தமது காப்பியத்தின் நரம்பாக்கினார். எமது காரைதீவு மண் தந்த சுவாமி விபுலாநந்தர், அச்சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளில் ஆழ்ந்தே 1947 இல் யாழ் நூலை அரங்கேற்றினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் எமது கூத்துகளைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொண்டுசென்று, 1962 இல் கர்ணன் போரையும் 1964 இல் இராவணேசனையும் மேடையேற்றினார். பாமரர் பாட்டு என்று நாம் ஒதுக்கியதைக் கற்றோர் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள்.

எனினும் ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். வேலையோடு பிறந்த பாட்டு வேலையோடு போய்விட்டது. முன்னர் சூடு மிதிக்கும் களவெட்டியில் பொலி பாடும் ஒலி இரவு முழுவதும் கேட்கும். களத்தில் சாதாரணச் சொற்களைப் பேசமாட்டார்கள். நெல்லைப் பொலி என்றும் கடகத்தைப் பெருவாயன் என்றும் வேறு பெயர்களால் அழைப்பார்கள். பூதம் கேட்டுவிட்டால் நெல்லைக் கொண்டுபோய்விடும் என்பது நம்பிக்கை. இன்று வெட்டும் இயந்திரம் வயலுக்குள் இறங்கினால் சில மணி நேரத்தில் நெல் சாக்குக்குள் வந்துவிடுகின்றது. அந்த இரைச்சலில் யார் பாடுவது? முதுகு முறிய வேலை செய்தவர்களுக்கு அந்த இயந்திரம் பெரிய ஆறுதல். அதனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பொலிப்பாட்டுக்கு இருந்த வீடு இடிந்துவிட்டது. எஞ்சியிருக்கும் ஒரே வீடு ஆலயம். சடங்கு இருக்கும்வரை காவியமும் குளிர்த்தியும் இருக்கும். இதனால்தான் ஆலயத்தின் பொறுப்பு முன்னரைவிடப் பெரிதாகின்றது.

கோபம் குற்றமா?

இப்போது குளிர்த்திப் பாட்டின் உட்பொருளுக்கு வருவோம். சினம் தீயது என்று நீதிநூல்கள் எல்லாம் போதிக்கின்றன. அப்படியாயின் ஒரு நகரையே எரித்தவளை நாம் ஏன் தெய்வமாக வணங்குகின்றோம்?

அவளுடைய சினம் தனக்காக எழுந்ததன்று, நீதிக்காக எழுந்தது என்பதே பெரியோர் தரும் விடை. அச்சினத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் தீண்டாதே என்று தீக்கு அவள் கட்டளையிட்டதாகச் சிலப்பதிகாரம் கூறும். எரியும்போதும் அறம் மறவாத கோபம் அது.

எமது கிழக்கில் பாடப்படும் கண்ணகி வழக்குரை காவியத்தில் காதைகள் அமைந்துள்ள ஒழுங்கை உற்று நோக்குங்கள். கொலைக்களக் காதை வருகின்றது. அதன்பின் வழக்குரைத்த காதை வருகின்றது. குளிர்ச்சிக் காதை கடைசியிலேயே வருகின்றது. சடங்கின் ஒழுங்கும் அதுவே. கதவு திறந்த நாள் தொடக்கம் இரவுகள்தோறும் அவளுடைய கதை முழுவதையும் ஊர் அமர்ந்து கேட்கின்றது. கோவலன் குற்றமற்றவன் என்பதும், சிலம்பு அவளுடையது என்பதும், அரசன் ஆராயாமல் தீர்ப்பளித்தான் என்பதும் அனைவர் முன்னிலையிலும் வாய்விட்டுப் பாடப்படுகின்றன. அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர்விட்டதும் பாடப்படுகின்றது. இவையெல்லாம் முடிந்த பின்னரே, ஆயர் சேரிப் பெண்கள் அன்று குளிர்வித்ததை நினைந்து, மஞ்சள் நீரும் வேப்பிலையும் கொண்டு நாம் குளிர்த்தி செய்கின்றோம்.

இதில் பெரியதொரு நீதி இருக்கின்றது. காதைகளை ஒதுக்கிவிட்டு நேரே குளிர்த்தியைப் பாட முடியாது. நடந்ததைக் கேளாமல், “சரி அம்மா, மறந்துவிடு, குளிர்ந்துவிடு” என்று சொல்ல எமது முன்னோருக்கு மனம் வரவில்லை. உன் வழக்கு நியாயமானது என்று ஊர் ஏற்றுக்கொண்ட பின்னரே, இனிக் குளிர்வாயாக என்று கேட்கும் உரிமை ஊருக்கு வருகின்றது. பொறுமையை உபதேசம் செய்வது எளிது. உட்கார்ந்து கேட்பது கடினம். எமது சடங்கில் கேட்பதற்குப் பல இரவுகளும் குளிர்விப்பதற்கு ஓர் இரவும் ஒதுக்கப்பட்டிருப்பது தற்செயலன்று.

குளிராத தாய்

எமது ஊரில் ஒரு தாய் இருந்தார். 1990 இல் வீட்டைவிட்டு வெளியே சென்ற அவருடைய மகன் திரும்பி வரவில்லை. யுத்தம் 2009 இல் முடிந்தது. அதன்பின்னும் அவருக்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. 2007 இல் படுவான்கரை ஊர்கள் பல இடம்பெயர்ந்தபோதும் அவர் மகனின் பாடசாலைச் சட்டையொன்றைச் சுற்றிக் கையில் கொண்டு திரிந்ததைப் பார்த்தவர்கள் பலர்.

அத்தாய் ஒவ்வோர் ஆண்டும் சடங்கு தொடங்கிய நாள் முதல் தவறாமல் வருவார். தூணோரமாக அமர்ந்து வழக்குரை முழுவதையும் கண்ணிமைக்காமல் கேட்பார். ஆனால் குளிர்த்தியன்று, கட்டாடியார் மஞ்சள் நீரை எடுக்கும் முன்னரே எழுந்து போய்விடுவார். தீர்த்தம் தலையில் படாமல் போகின்றாரே என்று பெண்கள் மனம் வருந்துவதுண்டு. சிலர் அது அம்மனுக்குக் குற்றம் என்று முணுமுணுத்ததும் உண்டு. ஒருமுறை அடியேன் மெதுவாகக் கேட்டபோது அவர் சொன்னது இது:

“அவவிட வழக்க ராசா கேட்டு முடிச்சிற்றான் மனே. என்ட வழக்க இன்னம் ஒருத்தரும் கேக்கல்ல. கேக்காம நான் எப்பிடிக் குளிருற?”

இதற்கு என்ன பதில் சொல்வது? அவர் சொன்னதில் நம்பிக்கையின்மை இல்லை. காவியத்தின் ஒழுங்கை எங்கள் எல்லோரிலும் அவரே நன்றாக விளங்கிக்கொண்டிருந்தார் என்றே அடியேன் கருதுகின்றேன். அம்மனை நம்பாதவர் வழக்குரையைக் கேட்க வரமாட்டார். வந்தார், கேட்டார், தன் முறை வரவில்லை என்று எழுந்து போனார். அவ்வளவுதான்.

இங்கே சிலர் ஒரு மறுப்பைக் கூறலாம். காலம் ஆற்றும், பருவம் மாறுவது போல் துயரும் மாறும் என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றோம் அல்லவா என்பது அம்மறுப்பு. கச்சான் ஓய்ந்தால் வாடை வரும், கோடை போனால் மாரி வரும் என்பது உண்மையே. ஆயினும் பருவம் மாறினால் மட்டும் வயல் விளைந்துவிடுமா? மாரி வந்தாலும் வரம்பு கட்டாதவனின் வயலில் நீர் நிற்காது. வக்கடையை அடைக்காவிட்டால் வந்த நீரும் ஓடிப்போகும். காலம் மழையைத்தான் கொண்டுவரும். வரம்பு கட்ட வேண்டியவர்கள் மனிதர்கள். துயரப்பட்டவரின் கதையைக் கேட்பதே நாம் கட்டவேண்டிய வரம்பு.

வேறு சிலர், இது நீதிமன்றங்களும் அரசும் செய்யவேண்டிய வேலை, ஆலயத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். தீர்ப்பு வழங்குவது ஆலயத்தின் பணியன்று என்பதை ஏற்கின்றேன். காணாமல் போனவர் எங்கே என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்கள் சொல்லித்தான் ஆகவேண்டும். எமது பாட்டு அதற்கு ஈடாகாது. ஈடாகும் என்று நாம் எண்ணினால், கேட்காமலே குளிர்விக்க முயன்றவர்கள் ஆவோம். ஆனால் தீர்ப்பு வரும்வரை அவரைத் தனியே விடாதிருப்பது ஊரின் பணி. தூணோரத்தில் அவர் தனியே அமர்ந்திருந்தது அரசின் குறை மட்டுமன்று.

எமது கடமை

ஆகவே இம்மலரின் வாயிலாகச் சில எண்ணங்களைப் பணிவோடு முன்வைக்கின்றேன்.

முதலாவது, பாட்டை நாமே பாடவேண்டும். இறுவட்டில் பதிந்த பாடலை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நாம் வீதியில் கதைத்துக்கொண்டு நிற்பது எளிது. பதிவு செய்து வைப்பது நல்லதே. பாடத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் குரலைப் பதிந்து வைத்தல் அவசியமும்கூட. ஆனால் பதிவு என்பது விதைநெல்லைச் சாக்கில் கட்டி வைப்பது போன்றது. விதைக்காத விதைநெல் சில காலத்தில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். சடங்கு நாள்களில் காவியம் பாடும் வேளையிலாவது மற்ற ஒலிபெருக்கிகளை நிறுத்தி, ஊரவர் வாயால் பாட இடமளிக்கும்படி வண்ணக்கர் ஐயாமாரை வேண்டிக்கொள்கின்றேன்.

இரண்டாவது, அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திருமுறையோடு எமது காவியங்களையும் பழக்கவேண்டும். அப்படிப் பழக்கும்போது, பாடினால் மழை நிச்சயம் வரும் என்று சொல்லிக் கொடுக்கவேண்டாம். வராத ஆண்டில் அப்பிள்ளை பாட்டையும் சேர்த்தே வெறுத்துவிடும். ஊராக நின்று கேட்பதற்கும் ஊராக நின்று தாங்குவதற்குமே பாடுகின்றோம் என்று உண்மையைச் சொல்வோம். உண்மையின் மேல் நிற்கும் நம்பிக்கை வெள்ளத்திலும் அடிபடாது.

மூன்றாவது, வழக்குரை பாடும் இரவுகளில் யார் தூணோரமாகத் தனியே இருக்கின்றார்கள் என்று பார்ப்போம். அது மகனைத் தேடும் தாயாக இருக்கலாம். காணி எல்லையில் அநீதி இழைக்கப்பட்ட ஓர் ஏழையாக இருக்கலாம். உடன்பிறந்தவரோடு பல ஆண்டுகளாகப் பேசாதிருப்பவராகவும் இருக்கலாம். அவர்களிடம் உபதேசத்தோடு போகவேண்டாம். அருகில் பாயைப் போட்டு அமர்ந்து, அவர்கள் சொல்லத் தொடங்கினால் முடியும்வரை கேட்போம். இடையில், “அதை விடுங்கள், நடந்தது நடந்துவிட்டது” என்று சொல்லாதிருப்போம். அநீதி செய்தவர் நாமாகவே இருந்தால், பாண்டியன் சபையில் ஒப்புக்கொண்டதை நினைத்து நாமும் ஒப்புக்கொள்வோம். கேட்ட பின்னும் ஒருவர் குளிராமல் எழுந்து போனால், அது அவருடைய உரிமை. அடுத்த ஆண்டும் கதவு திறக்கும். அடுத்த ஆண்டும் வழக்குரை பாடப்படும். அவருக்குரிய இடம் அங்கே இருக்கவேண்டும்.

அத்தாய் இன்று எம்மோடு இல்லை. அவருடைய வழக்கு தீராமலே அவர் காலமானார். கடைசி ஆண்டிலும் குளிர்த்திக்கு முன்னரே எழுந்து சென்றார். அவருடைய தலையில் விழாத அந்த நீர் எமது தலைகளில் விழுந்தது. அதன் பொருளை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கின்றது.

பருவங்கள் முன்போல் நம்பத்தக்கனவாக இல்லாத காலம் இது. மழை நேரம் தவறி வருகின்றது, வந்தால் கொட்டித் தீர்க்கின்றது. இத்தகைய காலத்தில் ஊர் ஊராக நிற்க ஏதேனும் ஒன்று வேண்டும். எமக்கு அது முன்னோர் விட்டுச்சென்ற பாட்டாக இருக்கின்றது. அதனை ஒழுங்கு மாறாமல் பாடுவோம். வழக்கைக் கேட்டுவிட்டுக் குளிர்த்திக்குப் போவோம்.

நீதிக்காக எரிந்தவளும், அன்புக்காகக் குளிர்ந்தவளுமாகிய அன்னை கண்ணகை, காலமழை பொழியவும், களவெட்டிகள் நிறையவும், கேட்கப்படாத வழக்குகள் கேட்கப்படவும், எரியும் நெஞ்சங்கள் தத்தம் நேரத்தில் குளிரவும் அருள்புரிவாளாக.